போர்டுக்காரரின் திங்கட்கிழமைக் கடிதங்கள்

என் அக்கா தன் புருஷனை "நீ, வா, போ" என்றுதான் கூப்பிடுவாள். தெருவில் மற்றப் பெண்கள் எல்லாம் புருஷனிடம் ஒரு "ங்க" சேர்த்துப் பேசுவார்கள். இவள் மாடிப்படியில் நின்றுகொண்டு, "டீ ஆறுது, வர்றியா இல்லையா?" என்று கத்துவாள். அவரும் சட்டையெல்லாம் பெயிண்டோடு சிரித்துக்கொண்டே ஏறி வருவார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததெல்லாம் இங்கேதான் வந்து முட்டுகிறது.

அத்தானுக்குக் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவது தொழில். ஊருக்கு அவர் போர்டுக்காரர். மருந்துக்கடை, முடிதிருத்தும் கடை, பல் டாக்டர், பள்ளிக்கூடம், எல்லாவற்றின் நெற்றியிலும் அவர் கைதான். சாக்கட்டியால் ஒரு கோடு, அதன்மேல் பிரஷ், அவ்வளவுதான். எழுத்து அச்சில் வார்த்தது போல நிற்கும். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே. "என் மூஞ்சியை மறந்தாலும் மறப்பாங்க, என் எழுத்தை மறக்க மாட்டாங்க" என்பார். வாய் முகூர்த்தம் என்று சொல்வார்களே, அது அவருக்கு இந்த ஒரு விஷயத்தில்தான் பலித்தது.

போர் தொடங்கிய மூன்றாம் மாதம் அவரைப் பட்டாளத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். கல்யாணமாகி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. நான் அப்போது யூனிஃபார்ம் தைக்கும் தொழிற்சாலையில் பொத்தான் பிரிவில் இருந்தேன். அக்காவைத் தனியாக விட வேண்டாம் என்று என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கே வந்துவிட்டேன். அதனால் இதில் பாதி நான் கண்ணால் பார்த்தது. மீதி அத்தான் பிற்பாடு சொன்னது.

முகாமில் அவருக்குத் துப்பாக்கியைவிட பிரஷ்தான் அதிகம் கையில் இருந்ததாம். வண்டிகளுக்கு எண் போட வேண்டும், மருந்துப் பெட்டிகளுக்குப் பெயர் எழுத வேண்டும். செத்துப்போனவர்களுக்கு நடுகிற பலகையும் அவர்தான் எழுத வேண்டும். வேலை குவிகிற நாளில் அவசரப்படக் கூடாது என்று, படைப்பிரிவின் பெயரை மட்டும் எழுதி, ஆள் பெயருக்கு இடம் விட்டு, முப்பது நாற்பது பலகைகளை முன்கூட்டியே காயவைத்துத் தகரக் கொட்டகைக்குப் பின்னால் அடுக்கியிருந்தார். குளிக்கப் போகிறவர்கள் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போவார்களாம். ஒருவன் மட்டும், நல்ல மரமாகப் பார்த்துத் தனக்கு ஒன்று எடுத்து வைக்கச் சொல்லிக் கிண்டல் செய்தானாம். அத்தானும் விளையாட்டுக்கு ஒன்றை எடுத்து ஓரமாக வைத்தார். அடுத்த வாரமே அதில் பெயர் எழுத வேண்டி வந்தது. அதற்கப்புறம் அவர் பலகை விஷயத்தில் யாரோடும் விளையாடவில்லை.

அந்த முகாமில் ஒரு வழக்கம் இருந்தது. முன்வரிசைக் காவலுக்குப் போகிறவன் மூன்று மாதம் அங்கேயே கிடக்க வேண்டும். அங்கிருந்து தபால் போகாது, வராது. மூன்று மாதம் கடிதம் இல்லையென்றால் வீட்டில் இருப்பவர்கள் பாதி செத்துவிடுவார்கள் இல்லையா? அதனால் கிளம்புவதற்கு முன்பே பன்னிரண்டு கடிதங்களை எழுதி, தபால் பார்க்கும் சார்ஜென்ட்டிடம் கொடுத்துவிட வேண்டும். அவரிடம் அறை அறையாகத் தடுத்த ஒரு தகரப்பெட்டி இருந்தது. பெயரே பெட்டி சார்ஜென்ட்தான். வாரம் ஒன்றாக அவர் அனுப்பிவைப்பார். முதல் பதினொன்றும் "நலம்" என்று சொல்கிற கடிதங்கள். பன்னிரண்டாவது வேறு மாதிரி. காவல் முடிந்து திரும்பி வந்தவன் தானே நேரில் வந்து, கையெழுத்துப் போட்டு, மிச்சத்தை வாங்கிக்கொண்டு போக வேண்டும். யாரும் வாங்க வராவிட்டால் பன்னிரண்டாவதும் தபாலில் போய்விடும்.

"திரும்பி வந்தவன் தன் கடுதாசியைத் தானே வாங்கிக்கணும். வராதவனுக்கு நான் போட்டுடுவேன்" என்பாராம் பெட்டி சார்ஜென்ட். எள் என்றால் எண்ணெயாக நிற்கிற மனுஷர். சொன்னால் சொன்னபடி செய்வார். இந்த ஏற்பாடு எந்த வீட்டுக்கும் தெரியாது. தெரிந்தால் அப்புறம் எதற்கு?

அத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க உட்கார்ந்து பன்னிரண்டையும் எழுதி முடித்தார். புத்திசாலித்தனமாக ஒன்றில் மழை, ஒன்றில் வெயில், ஒன்றில் ஜலதோஷம் என்று மாற்றி மாற்றிப் போட்டார். எதிரிகள் வீடுகளுக்குப் பொய்க் கடிதம் அனுப்பி மனசைக் கலைக்கிறார்கள் என்று அப்போது ரேடியோவில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதனால் ஐந்தாவது கடிதத்தில் இப்படி ஒரு வரி சேர்த்தார்: "என் கையெழுத்தில் இல்லாத கடிதம் என் கடிதம் இல்லை. யார் என்ன சொன்னாலும் நம்பாதே." யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது.

வீட்டில் திங்கட்கிழமை தோறும் கடிதம் வந்தது. அக்கா படியில் நின்றே பிரித்து எனக்கு வாசித்துக் காட்டுவாள். ஐந்து வாரம் எந்தக் குறையும் இல்லை. ஆறாவது வாரம், சனிக்கிழமை மதியம் ரயில் நிலையத்தில் குண்டு விழுந்தது. அந்த அதிர்வில் எங்கள் மேற்கு ஜன்னல் கண்ணாடி கொட்டிப்போயிற்று. பொறுக்கும்போது அக்காவுக்கு உள்ளங்கை கிழிந்தது. திங்கட்கிழமை வந்த கடிதத்தில் இருந்தது: "மேற்கு ஜன்னல் கண்ணாடி விழுந்திருக்கும். பலகை வைத்து அடை. கையைக் கிழித்துக்கொள்ளாதே." உறைமேல் இருந்த முத்திரை குண்டு விழுவதற்கு இரண்டு நாள் முந்தியது.

அக்கா கட்டுப்போட்ட கையையும் கடிதத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, அங்கே யாரோ நிற்பது போல லேசாகச் சிரித்தாள். அந்தக் கண்ணாடி போர் வருவதற்கு முன்பே விரிசல் விட்டிருந்தது என்று நான் சொன்னேன். அவள் காதில் வாங்கவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து அந்த அறையில் நான் உடை மாற்றுவதில்லை.

ஏழாவது கடிதம் இன்னும் மோசம். "உன் தங்கச்சி என் கோட்டைப் போட்டுக்கொண்டு திரிகிறாளா? திரியட்டும், குளிர்காலம்தானே" என்று எழுதியிருந்தார். அக்கா அதை வாசித்தபோது அந்தக் கோட்டு என் உடம்பில் இருந்தது. கழற்றி ஆணியில் மாட்டிவிட்டேன். குளிரில் நடுங்கினாலும் நடுங்குவேன், இனி அதைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

அந்த வாரம் புதன்கிழமை இன்னொரு கடிதம் வந்தது. பென்சிலால் எழுதியது. வரிகள் மேலே ஏறி, கீழே சரிந்து, முதல் வகுப்புப் பிள்ளையின் கிறுக்கல் போல இருந்தது. தனக்கு அடிபட்டுவிட்டது, வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போய்விட்டன, ஆஸ்பத்திரியிலிருந்து இடது கையால் எழுதுகிறேன் என்று இருந்தது. கீழே ஒரு கேள்வி: மாடிப்படி விளக்கு சரியாகிவிட்டதா? எங்கள் மாடிப்படியில் விளக்கே கிடையாது. காய்ச்சலில் புலம்பி எழுதியிருக்கிறார், பாவம். ஆனால் எங்களுக்கு அது எப்படித் தெரியும்? ஒரு பக்கம், ஜன்னலிலிருந்து கோட்டு வரைக்கும் பார்த்த மாதிரி எழுதுகிற அழகான எழுத்து. இன்னொரு பக்கம், இல்லாத விளக்கை விசாரிக்கிற கிறுக்கல்.

அடுத்த கிறுக்கல் கடிதத்தில் அவர் பெட்டி விஷயம் முழுவதையும் எழுதியிருந்தார். அழகாக வருகிறவை எல்லாம் முன்பே எழுதி வைத்தவை, நான் உயிரோடு இங்கே இருக்கிறேன், பன்னிரண்டாவது கடிதம் வந்தால் தயவுசெய்து திறக்காதே என்று கெஞ்சியிருந்தார். அக்கா மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"என் புருஷன் கடுதாசியைத் திறக்காதேன்னு சொல்றவன் யாரா இருக்கும்? நீயே சொல்லு."

அங்கே ஆஸ்பத்திரியில் அவர் திங்கட்கிழமைகளை எண்ணிக்கொண்டு கிடந்தார். பெட்டி சார்ஜென்ட்டுக்கு இடது கையால் மூன்று கடிதம் எழுதினார். முகாம் வேறிடத்துக்கு நகர்ந்துவிட்டது, பதில் வரவில்லை. புண் ஆறாமல் டாக்டர் விடவில்லை. பன்னிரண்டாவது போய்ச் சேருவதற்குள் வீட்டு வாசலில் நிற்க வேண்டும், அவருக்கு வேறு நினைப்பே இல்லை.

ஒரு விஷயத்தை அக்காவுக்கு முன்னால் நான் கவனித்தேன். அழகான கடிதங்களின் வலது மூலையில் ஒரு கறை இருந்தது. நாலாவதில் கடுகளவு. ஆறாவதில் பட்டாணி அளவு. எட்டாவதில் பெரிய பொத்தான் அளவு, ஓரம் கருத்து, நடுவில் பழுப்பு. வாரா வாரம் அது வளர்ந்தது. முதலில் நான் ரத்தம் என்றே நினைத்தேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அக்கா எழுத்தைப் படிக்க, நான் மூலையைப் பார்த்தேன். பத்தாவது வந்த அன்று தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மோந்து பார்த்தேன். டீ.

எல்லாவற்றையும் எண் வரிசையில் அடுக்கினேன். கறை ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியாக உட்கார்ந்தது. பன்னிரண்டையும் எழுதி அடுக்கி, மேலே டம்ளரை வைத்திருக்கிறார். சிந்திய டீ மேலிருந்து கீழே ஊறியிருக்கிறது. வரிசை தப்பாமல் இருக்கட்டும் என்று எண் ஒன்றை அடியில் வைத்த மனுஷர், டம்ளரை எங்கே வைப்பது என்று யோசிக்கவில்லை. அப்படியானால் கிறுக்கல் சொன்னதுதான் நிஜம்.

அக்காவிடம் அடுக்கைக் காட்டிச் சொன்னேன். அவள் கடிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒன்றை அலமாரியில், ஒன்றைத் தலையணைக்கு அடியில், ஒன்றைப் புத்தகத்துக்குள் என்று வீடு முழுக்கப் பிரித்து வைத்தாள். இனி யாரும் அடுக்க முடியாது. நானாவது ஆஸ்பத்திரிக்கு ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம். போடவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்த அழகான எழுத்துக்காரர்தான் வேண்டியிருந்தார். விரல் போனவர் வேண்டாம் என்று எங்கோ ஒரு மூலையில் நினைத்துவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

பன்னிரண்டாவது கடிதம் சொன்ன நாளில் வந்தது. முழு டம்ளரின் வட்டம் அதில் அப்படியே பதிந்திருந்தது. "இது உன் கைக்கு வந்தால் என் மிச்சக் கடிதத்தை நான் போய் வாங்கவில்லை என்று அர்த்தம். அழு. ஆனால் பட்டினி கிடக்காதே. வாசலில் இருக்கும் என் பலகையைக் கழற்றி உள்ளே வை, மழையில் எழுத்து கெட்டுவிடும்." அக்கா வீடு அதிர அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, நாற்காலி போட்டு ஏறிப் பலகையைக் கழற்றினாள். டீ என்று தெரிந்த நானும் சேர்ந்து அழுதேன். அந்த எழுத்தைப் பார்த்தால் யாருக்கும் அழுகைதான் வரும்.

மூன்றாம் நாள் மதியம் கதவு தட்டும் சத்தம் கேட்டு நான் திறந்தேன். தலை மொட்டை, கன்னம் ஒட்டி, வலது கையில் கட்டு. டாக்டரோடு சண்டை போட்டுக்கொண்டு, சரக்கு ரயிலில் இரண்டு நாள் நின்றுகொண்டே வந்திருக்கிறார். அவர் என்னைப் பார்க்கவில்லை. வாசலில் பலகை இருந்த இடத்தில் வெளிறிய நீளச் சதுரத்தைத்தான் பார்த்தார். பார்த்தவுடனே அவருக்குப் புரிந்துவிட்டது.

அக்கா வந்தாள். முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். மேஜையிலிருந்து பென்சிலும் ஒரு பழைய உறையும் எடுத்து நீட்டினாள்.

"என் பேரை எழுதுங்க."

அவர் இடது கையால் எழுதினார். கோணிக்கொண்டு போயிற்று. அக்கா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, கதவை அகலத் திறந்தாள்.

"உள்ள வாங்க. சாப்பிட்டீங்களா?"

அக்கா அவரிடம் "ங்க" சேர்த்துப் பேசி அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். அத்தான் அடுத்த வீட்டுக்கு வந்தவர் போல, செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

அக்காவுக்குப் பைத்தியம் எதுவும் இல்லை. வந்தவர் தன் புருஷன் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். காய்ச்சல் வந்தால் கண் விழித்துப் பார்த்துக்கொண்டாள், புண்ணைக் கழுவிக் கட்டினாள், அவருக்குப் பிடித்ததைச் சமைத்தாள். ஆனால் "நீங்க"தான். அழுது முடித்த ஆளுக்கு மறுபடியும் எப்படி உயிர் கொடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். திங்கட்கிழமைகளில் பன்னிரண்டையும் எடுத்து வைத்துப் படிப்பாள். அத்தான் அந்த நேரத்தில் கீழே போய் நின்றுகொள்வார். ஒருநாள் என்னிடம் கேட்டார்.

"அவன் என்னைவிட நல்லவனா?"

உங்களைவிட அவர் எழுத்து நல்லா இருக்கு, அவ்வளவுதான் என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

போர் முடிந்து, பெயிண்ட் கடையில் டப்பா எடுத்துக் கொடுக்கும் வேலைக்குப் போனார். மதிய இடைவேளையில் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து, பழைய தகரத்தில் இடது கையால் எழுதிப் பழகினார். எழுதுவார், துடைப்பார், மறுபடி எழுதுவார். ஏழு வருஷம். தன் எழுத்தைத் தானே திருட ஏழு வருஷம் பிடித்த மனுஷன் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார். ஏழாவது வருஷக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை தபாலில் கடிதம் வந்தது. உறைமேல் பதின்மூன்று என்று எண் போட்டிருந்தது.

அக்கா படியில் நின்றே பிரித்தாள். அத்தான் மேஜையில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். கத்தி நின்றுவிட்டது. என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அக்கா கண்ணைக் கடிதத்திலிருந்து எடுக்காமல் கேட்டாள்.

"இவ்வளவு நாள் எங்க இருந்தே?"

அவரைக் கேட்கவில்லை. கடிதத்தைக் கேட்டாள். எனக்கு அந்த இடத்தைவிட்டு ஓடிவிடலாம் போல இருந்தது. அத்தான் கத்தியைக் கீழே வைத்தார்.

"வழியில தங்கிட்டேன்."

அக்கா மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தாள். "டீ போடறேன், குடிக்கறியா?" என்றாள். அத்தான் தலையை ஆட்டினார்.

செவ்வாய்க்கிழமை மறுபடியும் "நீங்க" ஆகிவிட்டது. அடுத்த திங்கட்கிழமை கடிதம் வந்ததும் "நீ". அத்தான் கணக்கைப் புரிந்துகொண்டார். சனிக்கிழமை தோறும் நடந்து போய்த் தபால் ஆபீஸில் தன் வீட்டு விலாசத்துக்கே ஒரு கடிதம் போட்டுவிட்டு வருவார். இப்படி இருபத்தாறு வருஷம், வாரத்தில் ஒருநாள் புருஷன், ஆறு நாள் விருந்தாளி. வெளியாள் யாராவது கேட்டால் சிரிப்பார்கள். எங்களுக்குப் பழகிவிட்டது.

அவர் ஒரு புதன்கிழமை கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவ்வளவுதான். அக்கா அழவில்லை. ஒருமுறை அழுதாயிற்றே என்று இருந்தாளோ என்னவோ. வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி எடுத்துப் போட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை கடிதம் வந்தது.

முத்திரை சனிக்கிழமையுடையது. அடக்கம் முடிந்த மறுநாள். அக்காவைப் படியில் விட்டுவிட்டுத் தபால் ஆபீஸுக்கு ஓடினேன். கவுன்டரில் இருந்த அம்மாள் நிதானமாகச் சொன்னாள். போன மாதம் மார்பு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்து, பன்னிரண்டு கடிதங்களைக் கட்டாகக் கொடுத்தாராம். சனிக்கிழமை தான் வராவிட்டால் வாரம் ஒன்று போட வேண்டும், வந்துவிட்டால் தானே வாங்கிக்கொள்வேன் என்றாராம்.

நான் அக்காவிடம் எதையும் மறைக்கவில்லை. அவளும் எதையும் கேட்கவில்லை. திங்கட்கிழமை தோறும் படியில் நின்று படித்தாள். நாலாவது வந்த அன்று கடிதத்தின் மூலையை விரலால் தடவினாள். கடுகளவு பழுப்பு. வேண்டுமென்றே வைத்தாரா, பழக்க தோஷமா, தெரியாது. அக்கா சிரித்தாள். அப்புறம் அந்தச் சிரிப்பு அழுகையாக மாறி, படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"டம்ளரை எங்க வெக்கறதுன்னு இவனுக்கு இன்னும் தெரியல பாரு."

அவள் "இவன்" என்று சொன்னது ஒரே ஒருவனைத்தான். அழகாக எழுதினவனும் கிறுக்கினவனும் தனித்தனி ஆள் என்று அவள் அதற்கப்புறம் பேசவே இல்லை.

பன்னிரண்டாவதைத் தபால்காரர் நீட்டினார். உறையைத் தாண்டி வெளியே தெரிந்தது அந்த வட்டம். அக்கா கையை நீட்டவில்லை.

"இதைத் திருப்பிக் கொண்டுபோய்ப் பெட்டியிலேயே வெச்சிருங்க. திரும்பி வந்தவன் தன் கடுதாசியைத் தானே வாங்கிக்கணும். அதுதான் பட்டாளத்து விதி. வந்து வாங்கிப்பான்."

தபால்காரர் என்னைப் பார்த்தார். எடுத்துக்கொண்டு போங்கள் என்று நான் கண்ணைக் காட்டினேன். அவர் இறங்கிப் போனார். அக்கா உள்ளே போய் டீ போட்டாள். கொஞ்ச நேரத்தில் மாடிப்படிக்கு வந்து, கீழே பார்த்து, "டீ ஆறுது, வர்றியா இல்லையா?" என்று கத்தினாள்.

நான் அவளுக்குப் பின்னால், மேஜை அருகேதான் நின்றுகொண்டிருந்தேன். மேஜையில் இரண்டு டம்ளர் இருந்தது. ஒன்று அவளுடையது. இன்னொன்றை நான் எடுக்கவில்லை.